பின் ரூம் ஆள்

அதியமான்கோட்டையில் நான் வாடகைக்கு இருந்த அறை, பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டின் பின்பகுதி. அது தெரிந்துதான் போனேன். ஹைவே ஓட்டலில் எனக்கு இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் வரை தூங்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது நடக்காது என்று ஓட்டலில் எல்லோரும் சொன்னார்கள். போர்வெல் போடும் லாரியின் மேல், இரும்புக் குழாய்களுக்கு நடுவில் படுத்து ஆந்திரா முழுக்கத் தூங்கிக்கொண்டே போனவன் நான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு போர் வண்டி, பெங்களூரில் சென்ட்ரிங், சரக்கு லாரியில் கிளீனர் என்று எங்கெங்கோ இருந்தாயிற்று. ஓர் இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. தூக்கம் மட்டும் எங்கே படுத்தாலும் வந்துவிடும்.

வீட்டுக்கார அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் இறந்த பிறகு இந்த கிரஷை ஆரம்பித்திருந்தார். கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு வேனில் போகும் பெண்கள் காலையில் குழந்தையையும் டிபன் பாக்ஸையும் விட்டுவிட்டுப் போவார்கள். இருட்டும் நேரத்தில் வந்து கூட்டிப் போவார்கள். ஏழெட்டுக் குழந்தைகள். வாசலைத் தாண்டினால் சர்வீஸ் ரோடு, அதைத் தாண்டினால் லாரிகள். அதனால் கேட் எப்போதும் பூட்டியே இருக்கும். இருப்பது ஒரு கூடம். ஓடுவது, கட்டிலிலிருந்து குதிப்பது, டிபன் மூடியை உருட்டிவிடுவது, ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து முன்னால் நின்று காற்று வாங்குவது, கடிப்பது எல்லாம் அதற்குள்தான்.

அக்கா அடிக்க மாட்டார். மனசு வராது என்பது ஒரு காரணம். குளிப்பாட்டும்போது தாய்மார்கள் குழந்தையின் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள் என்பது இன்னொன்று. செல்போனைக் கொடுத்தால் அதற்கே சண்டை வருகிறது என்று அதையும் நிறுத்திவிட்டார். மிச்சம் இருந்தது வாய்தான்.

ஆரம்பத்தில் அவர் சொன்னது உண்மை. "கத்தாதீங்கடா, பின் ரூம்ல ஆளு தூங்குறாரு." அது கொஞ்ச நாள் வேலை செய்தது. பிறகு "எந்திரிச்சு வந்துடுவாரு" என்று ஆயிற்று. அதற்கும் பிறகு "வந்தா சும்மா போவ மாட்டாரு." என் தாடியும் அதற்கு ஒத்துழைத்தது. கொல்லைப் பக்கம் நான் பல் விளக்கும்போது ஒன்றிரண்டு குழந்தைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடும். ஒருநாள் மத்தியானம் சத்தம் தாங்காமல் அக்கா என் கதவைத் தட்டி, "தம்பி, ஒரு தடவை இருமுங்க" என்றார். இருமினேன். கூடம் அப்படியே அடங்கியது. எனக்கும் அதில் லாபம். அதன் பிறகு தட்டினால் இருமுவேன், பாதித் தூக்கத்திலேயே.

குழந்தைகளில் ஒன்று, நாலு வயது முடியாத சிறுமி. அப்பா பெங்களூரில் டைல்ஸ் வேலை, எப்போதாவது வருவார். அம்மா கம்பெனியில் தையல். புதிதாகச் சேர்ந்தவள், வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வேனைத் தவறவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அடிக்கடி தவறவிட்டால் வேலையே இல்லை. மாமியார் தீர்த்தமலைப் பக்கம் இன்னொரு மகன் வீட்டில் படுத்த படுக்கை. குழந்தையை விடுவதற்கு வேறு இடம் கிடையாது. இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் குழந்தையைப் பாராட்டும்போது சொன்னார். "இது ஒண்ணுதான் தம்பி சொன்ன பேச்சு கேக்குது. ஒக்கார வெச்ச எடத்துல ஒக்காந்திருக்கும். சத்தமே கெடையாது."

ஏன் சத்தமே கிடையாது என்பது பிறகு தெரிந்தது. கூடத்திலிருந்து பாத்ரூமுக்குப் போக ஒரு குறுகலான நடை. என் அறைக் கதவு அந்த நடையில்தான். குழந்தை அந்தக் கதவைத் தாண்டாது. காலையில் வந்ததிலிருந்து அம்மா வரும்வரை ஒண்ணுக்கை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவின் இடுப்பிலேயே போய்விடும். பிறகு காய்ச்சல் வந்தது. குழந்தை ஒண்ணுக்கு அடக்குகிறது, அதனால் வந்த காய்ச்சல் என்று தர்மபுரியில் டாக்டர் சொன்னாராம். காய்ச்சல் விட்டதும் திரும்பக் கூட்டி வந்தபோது, குழந்தை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறியது. வேன் ஹாரன் அடித்தது. டிரைவர் திட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான். மறுநாளும் அதே கதை. இன்னொரு நாள் இப்படி ஆனால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டார்.

அந்த இரண்டாவது நாள் சனிக்கிழமை. வேலையிலிருந்து வந்து கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். குழந்தையின் அம்மா கூடத்துக்குள் வந்து பேசியது கேட்டது.

"எதுக்குங்கக்கா என் புள்ளைய இப்படி பயமுறுத்தி வெச்சிருக்கீங்க?"

"நான் எங்கம்மா பயமுறுத்துனேன்? ஆளு தூங்குறாரு, சத்தம் போடாதீங்கன்னேன். அது ஒரு தப்பா?"

கட்டிலிலிருந்து குதிப்பவர்களுக்குத் தலைவனாக ஒரு பையன் உண்டு. அவன் குறுக்கே வந்தான். "இல்ல ஆன்ட்டி, காதை அறுத்துக் கொழம்பு வெப்பாருன்னு சொன்னாங்க."

"டேய், உன்னை யாருடா கேட்டா?"

"மொளகு போட்டுன்னு சொன்னீங்கல்ல அத்தே."

குழந்தையின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், அது அழுகையாக வந்தது. "திங்கக்கெழம இவ கேட்டுக்குள்ள வரலன்னா என் வேலை போயிடும்ங்க. அப்புறம் உங்க காதுக் கொழம்பை ஊத்தித்தான் நாங்க சோறு துன்னணும்."

நான் கொல்லையிலிருந்தபடியே, அறையைக் காலி செய்துவிடுகிறேன் என்றேன். எனக்கு அது பெரிய விஷயமில்லை. ஒரு பை, ஒரு போர்வை. பொம்மிடிக்கு பஸ் பிடித்துப் போய் ரயில் ஏறினால் எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வாடகைக்காகத் தடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்ன காரணம் வேறு.

"நீங்க போயிட்டா அவளுக்கு நீங்க எங்க வேணா இருப்பீங்க தம்பி. கட்டிலுக்கு அடியில இருப்பீங்க, தண்ணி டேங்க்ல இருப்பீங்க. ஒழுங்கா இங்கயே இருங்க."

கடைசியில் பழி தாடியின் மேல் விழுந்தது. சலூனுக்குப் போய் எடுத்துவிட்டு, ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு முன்வாசல் வழியாக வந்தேன். சிறுமி அம்மா மடியில் இருந்தது. "மாமா வந்திருக்காரு பாரு" என்றார் அக்கா. சிறுமி என் முகத்தைப் பார்த்தது, கை நீட்டி பிஸ்கட்டை வாங்கிக்கொண்டது. இவ்வளவுதானா என்று எல்லோருக்கும் நிம்மதி. எனக்குக் கண் எரிந்தது. தூங்கலாம் என்று எழுந்து நடைப் பக்கம் போனேன்.

சிறுமி மடியிலிருந்து இறங்கி ஓடிவந்து என் லுங்கியைப் பிடித்துக்கொண்டது. "மாமா, உள்ள போவாத. அவரு காதை அறுத்துடுவாரு."

அதற்குத் தெரிந்தவரை தாடிக்காரர் இன்னும் உள்ளேதான் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வேறு ஆள், விவரம் தெரியாமல் போய் மாட்டப்போகிற ஆள். அவரே நான்தான் என்று சொன்னேன். இல்லை என்று தலையை ஆட்டியது. குதிக்கிற பையன், "அதே லுங்கிதான், பாரு" என்று எனக்காகச் சாட்சி சொன்னான்.

"அது அவரு லுங்கி. இவரு எடுத்துக் கட்டிக்கினாரு."

இப்போது திருட்டும் சேர்ந்துகொண்டது. பிடியை விடவில்லை. போர் வண்டியில் ஒரு தடவை குழாய் சரிந்தபோதுகூட என்னை யாரும் இப்படிப் பிடித்து இழுத்ததில்லை. அதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை. நின்றபடியே தூங்கிவிடுவேன் போல இருந்தது.

அக்காதான் ஒரு வழி செய்தார். "வாங்கடா எல்லாரும், வரிசையா. உள்ள யாரு இருக்காங்கன்னு பாத்துடலாம்." என்னைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, அறைக் கதவை விரியத் திறந்து வைத்தார். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு குழந்தைகள் உள்ளே போயின. கடைசியாக, அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து சிறுமி போனது. எனக்குக் குரல்கள் மட்டும் கேட்டன.

"கட்டிலுக்கு அடியில இல்ல அத்தே."

"பையில பாருடா."

"பையில சட்டைதான் இருக்குது. நாறுது."

"கதவுக்குப் பின்னாடி?"

"பக்கெட்டுதான்." கொஞ்ச நேரம் எதையோ உருட்டினார்கள். பிறகு அந்தப் பையனின் குரல், ஏமாந்துபோன குரல். "அத்தே, இங்க அடுப்பே இல்ல."

எனக்கு ஓட்டலிலேயே சாப்பாடு. அடுப்பு வாங்கினால் அடுத்த ஊருக்குத் தூக்கிப் போக வேண்டும் என்று வாங்கியதே இல்லை.

"சட்டியும் இல்ல" என்றது இன்னொன்று. "எதுல கொழம்பு வெப்பாரு?"

பிறகு இடுப்பிலிருந்து சிறுமி கேட்டது. "மொளகு?"

"மொளகும் இல்ல."

அதன் பிறகு அது கீழே இறங்கியதாகவும், கட்டிலுக்கு அடியில் தானே குனிந்து பார்த்ததாகவும் அக்கா சொன்னார். வெளியே வந்ததும் என் எதிரில் நின்று மோவாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "அப்படி ஒரு ஆளே இல்ல கண்ணு. இந்த மாமாதான் தூங்குறவரு. தாடிய எடுத்துட்டாரு" என்றாள் அதன் அம்மா. நம்பியதா இல்லையா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து கதவைச் சாத்தக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு. திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, கதவைத் திறந்து போட்டுவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தேன். சீக்கிரமே வந்துவிட்ட குழந்தைகள் என் அறை வாசற்படியில் நின்று பார்த்தன. "வாயைத் தொறந்துக்கினு தூங்குறாரு." "எச்சி ஒழுவுது பாரு." அப்போது நான் தூங்கவில்லை. எச்சில் ஒழுகியதும் பொய்.

வெளியே வேன் ஹாரன் கேட்டது. அடுத்து அந்தக் குழந்தையின் அழுகை, கேட்டிலிருந்து. அம்மாவின் குரல் கெஞ்சியது. ஹாரன் இன்னொரு முறை நீளமாக அடித்தது. அக்கா நடையில் தலையை நீட்டி, "தம்பி, கொறட்டை உடுங்க, நல்லா" என்றார். விட்டேன். குழந்தைகள் உருண்டு சிரித்தன. குதிக்கிற பையன் ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கத்தினான். "ஏய், சீக்கிரம் வா! பன்னி மாதிரி கொறட்டை உடுறாரு!"

அழுகை நின்றது. கொஞ்சம் கழித்து கேட் திறக்கும் சத்தம், ஓடும் சின்னக் கால்களின் சத்தம். அவை என் கதவுக்குச் சற்றுத் தள்ளி நின்றன. வேன் கிளம்பிப் போவது கேட்டது. யார் ஏறினார்கள் என்று பார்க்க முடியாது. நான் குறட்டையை நிறுத்தவில்லை.

அந்த வெற்றி சத்தத்தில்தான் போய் முடிந்தது. இனி யாருக்கும் பயமில்லை. மத்தியானம் கட்டிலிலிருந்து குதிப்பவர்களின் வரிசையில் அந்தச் சிறுமியும் நின்றது. "ஒழுங்கா இருந்த புள்ள" என்று அக்கா முனகினார். கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் பழைய துணிகளை நனைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்து, தரையைத் துடைக்கச் சொன்னார். முட்டி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவர்களே சோர்ந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் கண் சொக்கியது. நடையில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. கண்ணைத் திறக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தது. பிறகு ஒரே ஓட்டமாக என் கதவைத் தாண்டிப் போயிற்று. பாத்ரூம் தகரக் கதவு படாரென்று அடித்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றும் சத்தம். ஊற்றிக்கொண்டே இருந்தது. அக்கா, "போதும்டி, போதும்டி" என்று ஓடினார்.

சாயங்காலம் நான் ஓட்டலுக்குக் கிளம்பும்போது வேன் வந்து நின்றது. குழந்தையின் அம்மா இறங்கி வேகமாக வந்தாள். அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்து, கவுனைத் தொட்டுப் பார்த்தாள். ஓரம்தான் ஈரம், தரை துடைத்த ஈரம்.

"ஒரு பக்கெட்டு தண்ணி காலி" என்றார் அக்கா. "நாளைல இருந்து தண்ணி மொள்ற மக்கை மேல வெக்கணும்."

"வைங்கக்கா" என்றாள் அவள். கேட்டைத் தாண்டியதும் திரும்பி, நாளைக்கும் வேன் இதே நேரத்துக்கு வந்துவிடும் என்றாள். அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.