மருதாள் தைத்த பன்னிரண்டாவது பனியன்

மருதாள் உலை வைத்துவிட்டு மெசின் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் தையல் மெசின் கிடையாது. சுருட்டிய பழஞ்சேலையின் மேல் சாய்த்து வைத்த பலகைதான் பெடல், கவிழ்த்துப் போட்ட குண்டாதான் மெசின். வலது காலால் பலகையை அழுத்தியபடி ஒரு பனியன் துண்டைக் குண்டாவின் ஓரமாகத் தள்ளிக்கொண்டே போகிறாள். சத்தத்தையும் அவளே வாயால் போடுகிறாள். நேர்த் தையலுக்கு ஒரு சத்தம், பனியனின் கை வளைவு வந்தால் இழுத்தாற்போல இன்னொரு சத்தம்.

“உலை பொங்குது பாரு” என்கிறார் கணவர் சுப்பையன்.

“கை வளைவுல இருக்கறேனுங்க. சித்த நீங்களே எறக்கி வெய்யுங்க.”

அவர் இறக்கி வைக்கிறார். நல்லூர்த் தெருவில் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் யாரும் பாக்கியில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஏழு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்த்தவள் அவள். ஓவர்லாக் தைக்கும் டைலருக்குப் பக்கத்தில் நின்று, துண்டுகளை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்குகிற வேலை. அங்கே ஆண்கள் உட்காருவார்கள், பெண்கள் நிற்பார்கள். இந்த 1969-லும் அப்படித்தான். யார் போட்ட சட்டமோ, கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. டைலர் சாப்பிடப் போகும் அரைமணி நேரத்தில் மருதாள் அவருடைய மெசினில் உட்கார்ந்து, கழித்துப் போட்ட துணியில் தைத்துத் தைத்துப் பழகினாள். ஒரு நாள் மனிதர் சீக்கிரம் திரும்பிவிட்டார். அன்றோடு வேலை போயிற்று. வேறு இடத்தில் கைமடிக்குச் சொல்லிவிடுவதாக மேனேஜர் இரக்கப்பட்டார். “கைமடிக்கு இனிப் போறதில்லீங்க. போனா டைலராத்தானுங்க போவேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அதன்பின் ஒன்பது கம்பெனிகள் ஏறி இறங்கியாயிற்று. கையைப் பார்ப்பதற்கு முன்னால் வாயைக் கிளறிப் பார்க்கிறார்கள் என்பது மூன்றாவது கம்பெனியில் அவளுக்குப் புரிந்தது. அதிலிருந்து பதில்களையும் தயார் செய்துகொண்டுதான் போகிறாள். பஸ் ஏறினால் ஒத்திகை பார்க்க முடியாது என்று நடந்தே போகிறாள். கேள்வியையும் பதிலையும் இரண்டு குரலில் அவளே சொல்லிக்கொண்டு வருவதைக் கண்டு, எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள்.

“ஊட்டுக்காரரு என்ன பண்றாரு?”

“தறி ஓட்டறாருங்க. ஆனா வேலைக்கு நாந்தானுங்க வந்திருக்கறேன்.”

“ஆம்பளைக நடுவுல உக்காந்து தைப்பயா?”

“ஏழு வருசமா அவிய நடுவுலதானுங்க நின்னுட்டிருந்தேன்.”

வார்த்தைக்கு வார்த்தை மரியாதை உண்டு. குரலில்தான் அது கொஞ்சம் குறைவு. ஒன்பது இடத்திலும் கைமடிக்கு வேண்டுமானால் வரச் சொன்னார்கள். ஒன்பதாவது இடத்திலிருந்து வந்த அன்று மட்டும் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் குண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இன்றைக்குப் போவது பத்தாவது. இந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாக வரும் டைலர் எல்லார் முன்னிலையிலும் ஒரு டஜன் பனியன் தைத்துக் காட்ட வேண்டும். பன்னிரண்டும் பழுதில்லாமல் வந்துவிட்டால், உட்கார்ந்த மெசின் அவனுக்கு. அதற்குமேல் முதலாளியே மறுத்துப் பேசமாட்டார். மருதாளின் பதில்களைக் கேட்டு மேஸ்திரி அப்புசாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வரிசையாக உட்கார்ந்திருந்த டைலர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, ஓரத்து மெசினைக் காட்டுகிறார்.

“உக்காரு அம்மிணி. நீயுந்தான் ஒரு டஜன் தைச்சுப் போடு, பாக்கலாம்.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். மருதாள் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் பனியனிலேயே நூல் அறுந்தது. யாரோ கனைத்தார்கள். ஓவர்லாக்கில் நூல் கோப்பது லேசுப்பட்ட வேலையில்லை. யாரிடமும் கேட்காமல் கோத்துவிட்டுத் தொடர்ந்தாள். மூன்றாவதில் பெடல் காலுக்குப் பிடிபட்டுவிட்டது. ஆறாவதில் பக்கத்து டைலர் தன் துணியை விட்டுவிட்டு அவள் கையைப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்பதாவதை அப்புசாமி எடுத்து, திருப்பிப் பிடித்து, இழுத்துப் பார்த்தார். பழுது ஒன்றும் அகப்படவில்லை. பதினொன்று முடிந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு செத்துவிட்டது. விளையாட்டாகச் சொன்னதென்றாலும் அத்தனை பேர் காது கேட்கச் சொல்லித் தொலைத்திருக்கிறார்.

பன்னிரண்டாவது பாதியில் மெசின் நின்றது. அப்புசாமி குனிந்து எதையோ தேடுகிறவர் மாதிரி மேசைக்கடியில் கையை விட்டு, சக்கரத்திலிருந்து பெல்ட்டைத் தள்ளிவிட்டிருந்தார்.

“பெல்ட்டு கழண்டுக்கிச்சு அம்மிணி. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாரு. இப்பப் போயிட்டு, நாங்க சொல்லியுட்டா வா.”

மற்ற மெசின்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

மருதாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். குனிந்து, மேசைக்கடியில் தலையைக் கொடுத்து, தொங்கும் பெல்ட்டைப் பிடித்துச் சக்கரத்தில் மாட்டுகிறாள். நிமிர்ந்ததும், வெள்ளைத் துணியில் கறை படக்கூடாதென்று எண்ணெய்க் கையைச் சேலையில் அழுத்தித் துடைக்கிறாள்.

“சித்த தள்ளி நில்லுங்க மேஸ்திரி. வெளிச்சத்த மறைக்கறீங்க” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்கிறாள்.