ராஜா இல்லாத ஊர்

கொலு என்றாலே என் மகளுக்கு வேப்பங்காய். வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள் என்று பயந்து, இரண்டு வருஷமாக, வெளிநாட்டில் எங்கள் வெஸ்ட் வின்ட்சர் வீட்டின் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கீழே இறங்கி வர வேண்டும் என்பதைத் தவிர, நவராத்திரியில் எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

மூன்றாவது வருஷம் ஆறாம் வகுப்பில் பழைய நாகரிகங்கள் பாடம் வந்தது. கொலுப்படிகளுக்குக் கீழே பார்க் வைப்போமே, அந்த இடத்தைத் தனக்குத் தர முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மொஹஞ்சதாரோ கட்டப் போகிறாளாம். அவள் மனசு மாறுவதற்குள் களிமண் வாங்கக் காரை எடுத்துவிட்டேன்.

ஊர் எழும்பியது. நேர்த் தெருக்கள், வீட்டுக்கு வீடு குளியலறை, மூடிய சாக்கடை, ஒரு பெரிய குளம். செங்கல் எல்லாம் ஒரே அளவு. கோணலாக வந்ததை நசுக்கிவிட்டு மறுபடி செய்தாள். இன்னும் யாராலும் படித்துச் சொல்ல முடியாத எழுத்துகளோடு குட்டி முத்திரைகள் வேறு. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, அரண்மனை எங்கே என்று கேட்டேன். கிடையாது என்றாள். அங்கே அரண்மனை என்று உறுதியாக எதுவும் அகப்படவில்லையாம், ராஜாவின் கல்லறையும் இல்லையாம். பூசாரி ராஜா என்று ஒரு தாடிக்காரச் சிலை உண்டே என்றேன். அது பின்னால் வந்தவர்கள் வைத்த பெயராம்.

எனக்குத் தலை வெடித்தது. அரசன் எவ்வழி குடிகள் அவ்வழி என்று கேட்டு வளர்ந்தவள் நான். என் வீட்டில் நான் கத்தாமல் ஒரு தட்டுகூட டிஷ்வாஷருக்குப் போகாது; ஒரு ஊரே எப்படி ஒரே அளவில் செங்கல் அறுத்தது? ஆபீஸ் மதிய இடைவேளைகளில் தேடித் தேடிப் படித்தேன். மெசபடோமியாவின் ராஜாக்கள் செங்கல்லில்கூடத் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டார்கள். இங்கே நான்தான் கட்டினேன் என்று மார்தட்டிய ஆளைக் காணோம். அந்த எழுத்தைப் படிக்க முடிந்தால் ஒருவேளை அகப்படுவாரோ என்னவோ.

கொலு வைத்த மறுநாள் எதிர்வீட்டு ஆன்ட்டி வந்தார். கையில் எங்களுக்கென்றே சென்னையிலிருந்து வாங்கி வந்த பொம்மை. முறுக்கு மீசையோடு சிம்மாசனத்தில் ஒரு ராஜா. படிகளில் இடமில்லை. ஆன்ட்டி குனிந்து, குளத்தங்கரையில் அவரை உட்கார வைத்தார்.

“ஊருன்னா ஒரு ராஜா வேணாமா, கண்ணு?”

மகள் முகம் சிவந்துவிட்டது. அவள் கண் மாடிப்படிக்குப் போனதைப் பார்த்தேன். கொலுவில் வைத்த பொம்மையை நவராத்திரி முடியும்வரை நகர்த்துவது எங்கள் வழக்கமில்லை. எடுத்தால் ஆன்ட்டி மனசு நோகும், விட்டால் இவள் போய்விடுவாள். ஆன்ட்டி கையில் சுண்டல் கிண்ணத்தைக் கொடுத்தேன்.

ஆன்ட்டி தாம்பூலம் வாங்கிக்கொண்டு போன பிறகு, ராஜாவை நகர்த்தவே கூடாதா என்று மகள் கேட்டாள். கூடாது என்றேன். பிறகு மிச்சக் களிமண்ணை எடுத்து வந்து ராஜாவைச் சுற்றி நாலு சுவர் எழுப்பினாள். மற்ற வீடுகளின் அதே செங்கல், அதே குளியலறை, அதே சாக்கடை.

அடுத்தடுத்த நாள் வந்தவர்கள் இது எந்த ராஜா என்று விசாரித்தார்கள். அவளே முன்னால் வந்து, இவரும் இந்த ஊர்க்காரர்தான், தன் வாசல் சாக்கடையைத் தானே சுத்தம் பண்ணுவார் என்று விளக்கினாள். ஆன்ட்டிகூட விழுந்து விழுந்து சிரித்தார். பாடு என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

விஜயதசமியன்று, கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். அது எப்போதும் என் வேலை. மரப்பாச்சியை எடுக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ராஜாவைச் சிம்மாசனத்தோடு மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, தமிழில் சொன்னாள்.

“அவர் தூங்கட்டும்மா. ஊர் நடக்கும். நீயும் கொஞ்சம் உக்காரு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.