சம்பந்தி வீட்டு விமானம்

பல் கட்டும் லேபில் அவருக்கு மில்லி என்று பெயர். மில்லிமீட்டரின் சுருக்கம். கேட்டவுடன் வேறு அளவை நினைத்துக்கொண்டு கண்ணடிப்பவர்கள் உண்டு. பாவம், மனிதர் அந்தப் பக்கமே போனதில்லை. அவருடைய போதையெல்லாம் சட்டைப் பையில் இருந்தது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் எல்லாரும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு ஆயுசுக்கும் மறந்துபோகிற வெர்னியர் காலிப்பர். மற்றவர்கள் பேனா செருகிக்கொள்கிற இடத்தில் அவர் அதைச் செருகிக்கொண்டு திரிந்தார்.

தொழில் அப்படி. பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து ஒவ்வொரு பல்லாகச் செய்து கொடுக்க வேண்டும். மயிரிழை உயர்ந்துவிட்டால் போதும், போட்டுக்கொண்டவர் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பல்லையே மென்றுகொண்டிருப்பார். இந்த பயம் லேபோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டிலும் ரொட்டித் துண்டின் கனத்தை அளப்பார், கதவிடுக்கை அளப்பார். மகள் பிறந்தபோது நர்ஸ் சொன்ன நீளத்தை நம்பாமல் தானே ஒருமுறை நாடா பிடித்துப் பார்த்தவர். "நல்லவேளை, என்னைப் பாக்க வந்தப்ப இந்தக் கருமம் உங்ககிட்ட இல்லை" என்பாள் மனைவி. இருந்தது. அவர் சொல்லவில்லை.

ஓய்வு நேரத்தில் அவர் விமானம் கட்டினார். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் விமானங்கள். நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. வெட்டி, ராவி, ஒட்டி, சாயம் அடித்தால் உள்ளங்கையில் ஒரு விமானம் உட்காரும். இதைச் செய்து விற்கும் கம்பெனிகள் பல. அவர் நீலப் பெட்டிக்காரர். நீலப் பெட்டியில் கோடுகள் தலைமுடிபோல் மெலிந்திருக்கும். இரண்டு பாதியைச் சேர்த்தால் சேர்ந்த இடம் தெரியாது. சிவப்புப் பெட்டி முரடு. கதவுகள் தடிமன், ஒட்டினால் இடைவெளி, இடைவெளியில் அடைக்க மாவு. மஞ்சள் பெட்டி என்று ஒன்று உண்டு. மேலே இருக்கும் படத்தைப் பார்த்தால் கண் கலங்கும், உள்ளே இருக்கும் சாமானைப் பார்த்தாலும் கலங்கும்.

இதையெல்லாம் சொல்லி மாய அவருக்கு ஒரு ஆள் இல்லாமலே இருந்தது, மகளுக்குக் கல்யாணம் பேசும்வரை. இரண்டு குடும்பமும் ஒரு ஓட்டலில் சந்தித்தபோது எதிரில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் அப்பா தண்ணீர் டம்ளரை எடுத்தார். விரல் நுனியில் காய்ந்த பசை. மில்லி தன் விரலைப் பார்த்துக்கொண்டார், அதே பசை. அதற்குப் பிறகு அந்த மேஜையில் பெண்ணைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் அந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சம்பந்தி லிஃப்ட் மெக்கானிக். ஆள் பெரிசு, கை அதைவிடப் பெரிசு. சிவப்புப் பெட்டியைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்.

"உங்க நீலப் பெட்டி எல்லாம் இடுக்கே இல்லாம ஒட்டிக்குது சம்பந்தி. எனக்கு அது பிடிக்காது. லிஃப்ட்டுக்கும் சுவருக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடணும். விடலன்னா நீங்க மூணாவது மாடியிலயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

"பல்லுல இடம் விட்டா அதுல சாப்பாடு போய் உக்காந்துக்கும் சம்பந்தி."

இப்படியே நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. மகளும் அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தாள். இந்த நேரம் பார்த்து மில்லியின் கை சும்மா இருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக் கூடத்தில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் புதிதாக ஒரு விமானம். பழைய காலத்துத் தபால் விமானம், ஒற்றை எஞ்சின், வாலில் பெரிதாக நாலு என்ற எண். சிவப்புப் பெட்டியில் சம்பந்தி செய்ததிலேயே சிறந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அதே விமானத்தை நீலப் பெட்டியில் மில்லியும் செய்து வைத்திருந்தார், ஒன்பதாம் எண். தன்னுடையதைவிட இதன் இறக்கை குட்டை என்று பார்த்தவுடனே உறுத்தியது. சம்பந்தி பிஸ்கட் எடுக்க உள்ளே போன நேரத்தில் அலமாரிக் கதவைத் திறந்து, வெர்னியரின் வாயை அகல விரித்து, இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை பிடித்துப் பார்த்தார்.

நிமிர்ந்தால் சம்பந்தி தட்டோடு நிற்கிறார்.

"என்ன சம்பந்தி?"

சும்மா பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். "எட்டு மில்லி குறையுது" என்று சொல்லிவிட்டார்.

சம்பந்தி தட்டைக் கீழே வைத்தார். ஒரு பிஸ்கட்கூட எடுக்கவில்லை.

திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி ஆரம்பித்தாள்.

"பொண்ணக் குடுத்த வீட்ல போய் அளந்து பாத்துட்டு வந்த மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். எட்டு மில்லி குறைஞ்சா என்ன, யாராவது அதுல ஏறி ஊருக்குப் போகப் போறாங்களா?"

அதிலிருந்து வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசலில் அவருக்குச் சோதனை நடந்தது. மனைவி சட்டைப் பையைத் தடவிப் பார்த்து வெர்னியரைப் பிடுங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் செருப்பு மாட்டலாம்.

சம்பந்தியிடமிருந்து போன் வருவது நின்றது. மகளிடம் கேட்டார்கள்.

"ஒண்ணும் சொல்லலப்பா. வேலைலேருந்து வந்ததும் ரூம் கதவச் சாத்திக்கறாரு. உள்ள எதையோ ராவற சத்தம் கேக்குது. என்ன மாமான்னு கேட்டா, உங்கப்பா வரட்டும், சொல்றேன்ங்கறாரு."

"உங்கப்பா வரட்டும்னா எந்தக் குரல்ல சொன்னாரு?"

"சாதாரணக் குரல்லதான்."

"சாதாரணம்னா, பல்லக் கடிச்சுக்கிட்டா?"

"அப்பா, போன வைங்க."

வைத்தார். வைத்த பிறகும் அந்த 'உங்கப்பா வரட்டும்' காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. தன் வாயால் மகளுக்கு அந்த வீட்டில் ஒரு சின்ன முகச்சுளிப்பு வந்தாலும் தாங்கமாட்டார். லேபில் அன்றைக்கு ஒரு கடைவாய்ப் பல்லை மூன்று முறை மறுபடி செய்தார்.

ஏதாவது வாங்கிக்கொண்டு போய்ச் சமாதானம் பண்ணிவிடலாம் என்று தோன்றியது. விமானக்காரருக்கு விமானம்தானே கொடுக்க வேண்டும். ஆனால் எந்தப் பெட்டி?

"அவருக்குப் பிடிச்ச கம்பெனிய வாங்குங்க" என்றாள் மனைவி.

"அந்தக் கம்பெனிலதான எட்டு மில்லி. இன்னும் ஒண்ணு குடுத்தா, இதையும் அளக்கறேன்னு சொல்ற மாதிரி ஆயிடும்."

"அப்ப உங்க கம்பெனிய வாங்குங்க."

"பாத்தியா, இதுதான் ஒழுங்கான பெட்டின்னு குத்திக் காட்டற மாதிரி இருக்கும்."

"மஞ்சள்?"

"பகை முத்திடும்."

"அப்ப பழம் வாங்குங்க. பழத்துக்கு கம்பெனி கிடையாது."

ஊரில் விமானப் பெட்டி விற்கிற ஒரே கடை ஒரு மாடியில் இருந்தது. கீழே சைக்கிள் சாமான், மேலே விமானங்கள். தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள் அடுக்கியிருக்கும். நடுவில் ஒருக்களித்துத்தான் போகலாம். கடைக்காரரிடம் ஒரு வினோதப் பழக்கம். விலை ஒட்டுத்தாளை எப்போதும் பெட்டியின் ஓரத்தில், எழுத்து இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் ஒட்டுவார். படத்தின் மேல் ஒட்டினால் அழகு போய்விடும் என்பது அவர் கட்சி.

மில்லி மூன்று கம்பெனிப் பெட்டிகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். குலுக்கிப் பார்த்தார். காதருகே வைத்துக் கேட்டார். கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, யாருக்குன்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தரேன்."

"சம்பந்திக்கு."

"அப்ப பெருசாப் பாத்துக் குடுங்க. போர் விமானம் வேண்டாம்."

கடைசியில் சிவப்பையே எடுத்தார், அதே தபால் விமானத்தையே. உங்கள் கம்பெனிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லாமல் சொன்ன மாதிரி இருக்கட்டும். பரிசு கொடுக்கும் பெட்டியில் விலை தெரியக்கூடாதல்லவா? அங்கேயே நின்று நகத்தால் ஒட்டுத்தாளை உரித்தார். தாள் மெல்ல வந்தது. அதன் அடியில் ஒரு வரி அச்சடித்திருந்தது: குட்டை இறக்கை வகை, எண் ஒன்று முதல் ஆறு வரை.

அவர் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த நீலப் பெட்டியை இழுத்து அதன் ஒட்டுத்தாளையும் உரித்தார். நீட்டிய இறக்கை வகை, எண் ஏழு முதல்.

"அண்ணே, வாங்காத பெட்டிய உரிக்காதீங்க" என்றார் கடைக்காரர்.

அவர் காதில் விழவில்லை. நிஜ விமானத்துக்கே பிற்பாடு இறக்கையை நீட்டியிருக்கிறார்கள். ஒரு கம்பெனி முந்தியதைச் செய்தது, இன்னொரு கம்பெனி பிந்தியதைச் செய்தது. சம்பந்தியின் நாலாம் எண் அச்சு அசலாகச் சரி. இவர் அளந்ததும் சரிதான். ஆனால் அளந்து எதோடு ஒப்பிட்டார்? அத்தை மகனின் சட்டையை மாமன் மகனுக்குப் போட்டுப் பார்த்துக் கை குட்டை என்று சொன்ன கதை.

போய் ஒத்துக்கொண்டுவிடுவது என்று முடிவு பண்ணினார். மகளுக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றார். மகள் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

"வரச் சொன்னாருப்பா. அந்த வெர்னியரையும் மறக்காம எடுத்துட்டு வரச் சொன்னாரு."

போனை வைத்தார். "கத்தியோட வந்தவன் கத்தியோட வரணும்ங்கறாரு" என்றார் மனைவியிடம். முதல் முறையாக வாசல் சோதனையில் மனைவியே வெர்னியரை எடுத்து அவர் பையில் செருகினாள். செருகிவிட்டு, "பேச்சக் குறைங்க" என்றாள்.

சம்பந்தி கதவைத் திறந்ததும் மில்லி ஆரம்பித்தார். "சம்பந்தி, அன்னிக்கு நான்..."

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல உள்ள வாங்க."

கூடத்தில் மேஜைமேல் துணி மூடி ஏதோ இருந்தது. மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா எல்லாரும் முன்கூட்டியே உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி துணியை எடுத்தார். அதே விமானம்.

"அளங்க" என்றார்.

மில்லி குனிந்து பிடித்தார். வெர்னியரின் வாய் போன முறையைவிட அகலமாகத் திறக்க வேண்டியிருந்தது. சரியாக எட்டு மில்லி நீண்டிருந்தது. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"சின்ன ரம்பம் வெச்சு ரெண்டு பக்கமும் நுனிய அறுத்துட்டேன். இந்தப் பக்கம் நாலு மில்லி, அந்தப் பக்கம் நாலு மில்லி பிளாஸ்டிக் வெச்சு ஒட்டி, ராவி, மறுபடி சாயம். நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். பல்லுக்கே அளவெடுக்கற ஆளு." அந்தப் பெரிய கைகளில் புதுக் கீறல்கள் இருந்தன. அவர் கோபத்தில் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மில்லி வெர்னியரின் வாயை மெல்ல மூடினார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளும்தான்.

"சரியா இருக்கு சம்பந்தி. கச்சிதம்" என்றார்.

சம்பந்தியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியோடு, "கைல என்ன பை?" என்று வாங்கிப் பெட்டியை வெளியே எடுத்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரத்தைப் படித்தார்.

"குட்டை இறக்கை வகை..."

பெட்டியையும் மேஜைமேல் இருந்த விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் மொதல்ல செஞ்சது?"

"அதுவும் சரிதான் சம்பந்தி."

"நீங்க அளந்தது?"

"அளந்தது சரி. வாயத் திறந்ததுதான் தப்பு."

"இப்ப இருக்கறது?"

"இதுவும் சரி. வேற வகை. நீலப் பெட்டி வகை."

"சிவப்புப் பெட்டிய வாங்கி, அறுத்து, நீலப் பெட்டி ஆக்கியிருக்கேன்" என்றார் சம்பந்தி, தனக்குத்தானே சொல்வதுபோல.

முதலில் சிரித்தது மகள்தான். வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. பிறகு மாப்பிள்ளை. பிறகு சம்பந்தியம்மா, "ராவிப் போட்ட தூள நான் தினமும் கூட்டினேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சம்பந்தி சிரிக்கவில்லை. மில்லிக்கு எதிரில் வந்து நின்று கையை நீட்டினார்.

"பொண்ணக் குடுத்தீங்க. நல்ல பொண்ணு. அதோட இதையும் குடுத்துடுங்க."

மில்லி வெர்னியரை அந்தப் பெரிய உள்ளங்கையில் வைத்தார். சம்பந்தி அதை மேஜை இழுப்பறையில் போட்டு, சாவியைத் திருப்பி, சாவியைச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்தார். அதற்கப்புறம்தான் சிரித்தார். சிரித்து முடித்ததும் புதுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீங்க இந்தப் பாதி, நான் அந்தப் பாதி. இடம் விட்டுத்தான் ஒட்டணும்" என்றார்.

"மாவு அடைக்கற வேலை எனக்கு" என்றார் மில்லி.

கிளம்பும்போது சம்பந்தி நீண்ட இறக்கை விமானத்தை அலமாரியில் வைத்தார். விளக்கொளியில் நன்றாகத்தான் இருந்தது. மில்லி குனிந்து செருப்பை மாட்டும்போது கண்ணாடி வழியாக வால் தெரிந்தது. வாலில் பெரிதாக நாலு. நீண்ட இறக்கை ஏழிலிருந்துதான். நாலாம் எண்ணுக்கு இப்படி ஒரு இறக்கை என்றைக்குமே இருந்ததில்லை.

வாய் திறந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது.

"என்ன சம்பந்தி?" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

கதவோரம் மகள் நின்றுகொண்டிருந்தாள். எண் பெட்டியின் ஓரத்தில் அச்சடித்துத்தான் இருக்கிறது. நாளைக்கோ மறுநாளோ அவரே படித்துக்கொள்ளட்டும்.

"ஒண்ணுமில்ல. சாயம் நல்லா வந்திருக்கு" என்றார் மில்லி.