ஐந்தரைக் கட்டை

பாட்டு டீச்சருக்குத் தன் காதின்மேல் அபார நம்பிக்கை. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அத்தனை பிள்ளைகளும் ஒன்றாகப் பாடினாலும், யார் சுருதி விலகுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். பத்தொன்பது வருடமாக அந்தப் பள்ளியில் அவர் காதுக்கு அப்பீல் கிடையாது.

வருடம் முழுக்க அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் கூச்சமே இல்லாமல் எடுத்துக்கொள்வார். பரீட்சை முடிந்ததும், பிள்ளைகளை வைத்துச் சமாளிக்க முடியாமல், மற்ற ஆசிரியர்கள் எல்லாரையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். "இப்பதான் நான் ஒருத்தி இருக்கிறது கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கிக்கொள்வார். லீவுக்கு முன் கிடைக்கும் அந்தப் பத்து நாளில் ஆண்டு விழாப் பாட்டு தயாராக வேண்டும்.

அவர் முறை எளிது. நன்றாகப் பாடுபவர்கள் முதல் இரண்டு வரிசை. சுருதி சேராதவர்கள் மூன்றாவது. அவர்களுக்கு ஒரே பாடம்தான்: "சத்தம் வேண்டாம் கண்ணுகளா, வாயை மட்டும் அசைங்க." அப்படிப் பதினொரு பேர், பாதிக்குமேல் ஏழாவதும் எட்டாவதும், வாயசைப்பதில் புலிகளாகியிருந்தார்கள்.

இந்த வருடம் விழாவுக்கு முந்தின நாள் விளையாட்டுப் போட்டி வைத்துத் தொலைத்தார்கள். மூன்றாம் வரிசை ஓடியது. முதல் இரண்டு வரிசையும் மைதானத்து ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியது. மறுநாள் காலை கடைசிப் பாட்டு வகுப்பில் டீச்சர் கீபோர்டில் கை வைத்ததும், நல்ல குரல்களிலிருந்தெல்லாம் தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம் வந்தது.

ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர் இது? மூணு மணிக்கு விழா. பாட்டை எடுத்துடலாமா?"

"பாட்டு உண்டு சார்," என்று பட்டென்று சொல்லிவிட்டார். அவர் தலை மறைந்த பிறகுதான் எப்படி என்று யோசித்தார்.

மூன்றாம் வரிசையை முன்னால் கூப்பிட்டார். "இன்னிக்கு சத்தமாவே பாடுங்க."

பாடினார்கள். மேலே போகிற இடத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. எட்டாம் வகுப்பு உயரக்காரி ஒருத்தி, எல்லாருக்கும் அவள் ஒட்டகம், பாதியில் நிறுத்தினாள்.

"வீட்ல பாடுறப்ப நல்லாத்தான் வருது டீச்சர். இங்க ரொம்ப மேல இருக்கு, எட்டலை."

"வீட்ல எப்படிப் பாடுவே? பாடிக் காட்டு."

கனமான, தாழ்ந்த குரல். கீபோர்டில் அதைத் தேடிப் போன விரல் மூன்று கட்டையில் நின்றது. டீச்சருடைய சுருதி ஐந்தரைக் கட்டை, ரொம்ப உயரம். பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடமே அவர் தொண்டைக்கு வசதியான உயரத்தில்தான் பாடியிருக்கிறது. இறக்கிப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை.

"மூணு கட்டை. எல்லாரும்."

பதினொரு பேரும் பாடினார்கள். ஒருவரும் விலகவில்லை.

டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. அவமானமாக இருந்தது. "தப்பு உங்க மேல இல்ல. நான் சுருதி வச்ச இடம்தான் தப்பு," என்றார். அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே கையைத் தட்டி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். வழக்கம்போல் கூடவே பாடினார். கீழே இறங்குகிற இடத்தில் அவருக்கு வெறும் காற்றுதான் வந்தது. விடாமல் இழுத்துப் பிடித்ததில் பாட்டே ஆட்டம் கண்டது.

ஒட்டகம் தயங்கினாள். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

"டீச்சர், நீங்க சத்தம் போட வேண்டாம். வாயை மட்டும் அசைங்க."

அதில் கேலி துளியும் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே பாட்டுப் பாடம் அதுதான்.

மூன்று மணிக்குப் பதினொரு பேரும் மேடையின் முன்னால் நின்றார்கள். தொண்டை கட்டியவர்கள் பின்னால். கணக்கு வாத்தியார்கூட, தாளம் தப்பினாலும், தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். ஒட்டகத்தின் அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். எட்டு வருடமாக மேடையில் மகள் பாடுவதைப் பார்த்திருக்கிறார். இன்றைக்குத்தான் கேட்டார்.

கீபோர்டுக்குப் பின்னால் டீச்சர் ஒரு சொல் விடாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.