அறுபது கிலோ

அந்த வார்டில் பத்தொன்பது கட்டில். பத்தொன்பது பேரும் அறுபது கிலோ. புரட்டிப் படுக்கவைக்க மூன்று ஆள் வேண்டியிருந்த லாரி டிரைவரின் மனைவியும் அறுபது, போர்வைக்குள் ஆள் இருக்கிறாளா என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்த பெண்ணும் அறுபது. எடை பார்க்கும் மெஷின் கெட்டுப்போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கேஸ் ஷீட்டில் எடைக் கட்டம் காலியாக இருந்தால் மேலே இருந்து கேள்வி வரும். அறுபது என்று போட்டால் ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே அறுபது.

இந்த வழியைக் கண்டுபிடித்தவர் வார்டின் தலைமை நர்ஸ். அவரை எதிர்த்துப் பேச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது, ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி வார்டு மருந்தாளுநர். தன் குறிப்புகளைப் பச்சை மையில்தான் எழுத வேண்டும் என்று அவள் பதவிக்கு ஒரு விதி. அதனால் அவளுக்குப் பச்சைப் பேனா என்று பெயர் விழுந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், கோபம் வந்தால் முகத்துக்கு நேராகவும்.

போதாக்குறைக்குத் தலைமை நர்ஸ் அவளுடைய நாத்தனார், புருஷனின் கூடப்பிறந்த அக்கா. ஆஸ்பத்திரியில் 'சிஸ்டர்' என்று கூப்பிட வேண்டும், வீட்டில் 'அண்ணி' என்று. இரண்டு இடத்திலும் எதிரே வருகிற முகம் என்னவோ ஒன்றுதான். மாடி வீடு அண்ணிக்கு, கீழ் வீடு இவர்களுக்கு. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்கு வருவார்கள். அண்ணி முன்வாசலில் ஏறுவார், இவள் பின்வாசலில் ஏறுவாள்.

பச்சைப் பேனா பதினெட்டு வருஷம் அடித்தளத்து மருந்துக் கிடங்கில் இருந்தவள். அட்டைப்பெட்டி வாசனையிலேயே காலம் போய்விடும் என்று பயந்து, நாற்பது வயதுக்கு மேல் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தாள். நோயாளிக்கு எழுதிய மருந்தின் அளவு சரியா, ஒரு மருந்து இன்னொன்றோடு மோதுமா, உடம்பு தாங்குமா என்று கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்க்கிற வேலை. "அதுக்குத்தானே டாக்டர் இருக்கார்?" என்று முதல் நாளே அண்ணி கேட்டார். உட்கார ஒரு மேஜை கொடுத்தார்கள், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். யார் கை கழுவினாலும் மேஜையில் பாதி நனையும். வேண்டுமென்றே உதறுகிறவர்களும் உண்டு.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. யாராவது தப்பாக எழுதினால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிற வழக்கமெல்லாம் கிடையாது. நின்ற இடத்திலிருந்து வார்டு முழுக்கக் கேட்கும்படி வாசிப்பாள். மூன்று வருஷத்தில் அவளோடு டீ குடிக்க ஒருவரும் மிச்சமில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் பதினொன்றாம் கட்டிலுக்கு வந்தபோது மணி பத்து. அங்கே கிடந்த பெண் ஒரு கூரியர் கம்பெனியில் போன் எடுத்துப் பதில் சொல்கிறவள். சிறுநீரகத்தில் தொற்று, சாதாரண மருந்துக்கு அடங்காத கிருமி. தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஓர் ஊசி. ஐந்து நாள் ஆகியிருந்தது. கிருமியைக் கொல்வதில் கெட்டிக்கார மருந்து அது. ஆனால் அளவு மீறினால் கிட்னியைக் கெடுக்கும், காதைக் கெடுக்கும். கிட்னியாவது தேறும். காதில் போனது போனதுதான்.

"தூங்கினீங்களா?" என்று பச்சைப் பேனா கேட்டாள்.

"எங்க தூங்க. நேத்துலேர்ந்து காதுக்குள்ள விசில் அடிக்குது. நிக்கவே மாட்டேங்குது."

"நர்ஸ் கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். ஃபேன் சத்தம்னாங்க."

அந்தக் கட்டிலுக்கு மேலே இருந்த ஃபேன் ஓடவே இல்லை. பச்சைப் பேனா ரத்தப் பரிசோதனைத் தாளைத் தேடி எடுத்தாள். கிட்னியின் நிலையைக் காட்டும் எண் ஐந்து நாளில் இரண்டு மடங்காகியிருந்தது. போர்வையை விலக்கி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். மணிக்கட்டைச் சுற்றி அவளுடைய கட்டைவிரலும் சுண்டுவிரலும் தாராளமாகத் தொட்டுக்கொண்டன. கேஸ் ஷீட்டில் எடை அறுபது. அறுபதுக்குத் தொள்ளாயிரம் மில்லிகிராம்.

அடுத்த ஊசிக்கு நான்கு மணி நேரம் இருந்தது.

பெரிய டாக்டர் சுற்றுக்கு வந்ததும் அவள் வழிமறித்தாள். "இன்னைக்கு இந்த ஊசி வேண்டாம் டாக்டர். எடைக்கு மீறிப் போயிருக்கு. காதுல சத்தம் கேக்குதுங்கறாங்க, கிட்னியும் ஏறியிருக்கு."

டாக்டர் ஷீட்டைப் பார்த்தார். "அறுபதுக்குத் தொள்ளாயிரம். கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"கணக்கு சரி. அறுபதுதான் தப்பு."

"சிஸ்டர், இவங்க வெயிட் என்ன?"

"ஷீட்ல என்ன இருக்கோ அதுதான் டாக்டர்," என்றார் அண்ணி, இவள் பக்கமே திரும்பாமல்.

"பாருங்கம்மா," என்றார் டாக்டர், "கண்ணால எடை போட இது காய்கறிக் கடை இல்ல. ரெண்டு மருந்து தோத்துப்போய் இதுல வந்து நிக்கிறோம். காய்ச்சல் இப்பதான் இறங்குது. கிட்னி ஏறினதுக்கு அந்தக் கிருமியே காரணமா இருக்கலாம். உங்க பேச்சைக் கேட்டு நிறுத்திட்டு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, வீட்டுக்காரருக்கு யார் பதில் சொல்றது? பச்சை மையில எழுதிக் குடுத்துடுவீங்களா?"

கூட நின்ற பயிற்சி டாக்டர்கள் சிரித்தார்கள். அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துகொண்டே, "மெஷின்ல எடுத்த எடையைக் காட்டுங்க, மாத்தறேன். ரெண்டு மணி வரைக்கும் ஓ.பி.லதான் இருப்பேன்," என்றார்.

அந்தப் பெண்ணின் புருஷன் கட்டில் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் போனதும் இவளிடம் வந்தார். "இலவச ஆஸ்பத்திரிதானேன்னு மருந்தையும் மிச்சம் பிடிக்கிறீங்களா?"

"அப்படி இல்லைங்க. அளவு அதிகம்—"

"டாக்டருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ? உங்க வீட்டு ஆளுன்னா இப்படி ஊசியை நிறுத்துவீங்களா? இந்தக் கட்டில் பக்கமே வராதீங்க."

பக்கத்துக் கட்டில்காரர்களும் தலையை ஆட்டினார்கள். மருந்து கொடுக்கிறவளைப் பிடிக்கும், மருந்தை நிறுத்தச் சொல்கிறவளை யாருக்குப் பிடிக்கும்.

மெஷினுக்கு எங்கே போவது? மேல்மாடி வார்டு மெஷின் இருந்த அறையைப் பூட்டிவிட்டு, சாவிக்காரர் லீவில் போயிருந்தார். ஓ.பி. மெஷினை ஓ.பி. முடியும்வரை நகர்த்தக் கூடாது என்றார்கள். நோயாளியை அங்கே கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் கேட்டாள். "சிஸ்டர் சொன்னாத்தான் தள்ளுவோம்," என்றார் வார்டு ஆள். சிஸ்டர் சொல்லவில்லை.

அவள் புருஷனுக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். "வீட்டுல கட்டிலுக்கு அடியில எடை மெஷின் இருக்கு. எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"உங்க அக்காகூடச் சண்டை போட."

"வாசல் வரைக்கும்தான் வருவேன். உள்ள கூப்பிடாத," என்றார் அவர். சொன்னபடியே ஒரு மணிக்கு, மெஷினைத் துணிப்பையில் போட்டு வாசலில் அவள் கையில் திணித்துவிட்டு, திருடியதைக் கைமாற்றியவர் போலத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

வார்டுக்குள் பையைப் பிரித்ததும் அண்ணி எழுந்து வந்தார். "இது என்ன?"

"எடை மெஷின், சிஸ்டர்."

"இது நம்ம வீட்டு மெஷின். என்னை எண்பத்தொண்ணுன்னு காட்டின மெஷின். இதை நம்பி ஊசியை மாத்தணுமா?"

ஊசித் தட்டை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் சிரிப்பை அடக்கக் கழுத்தைத் திருப்பினாள்.

"மெஷின் சரியா இல்லையான்னு பாத்துடலாம்," என்றாள் பச்சைப் பேனா. மூலையில் குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகள் அடுக்கியிருந்தன, பிரிக்காதவை. பதினெட்டு வருஷம் தூக்கி இறக்கிய பெட்டிகள். எந்தப் பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "மொத்த எடை பதிமூணு கிலோ இருநூறு. வாசிச்சுக்கோங்க." ஒரு பெட்டியை மெஷின் மேல் வைத்தாள். பதிமூன்று. அதன்மேல் இரண்டாவது. இருபத்தாறரை. மூன்றாவதை வைக்க ஆள் தேவைப்பட்டது. ஒருவரும் வரவில்லை. தானே இடுப்பில் ஏற்றி, மூச்சு வாங்கிக்கொண்டு வைத்தாள். முப்பத்தொன்பதரை.

"போதுமா சிஸ்டர்? நாலாவதும் வைக்கணுமா?"

அண்ணி தள்ளி நின்றார். மெஷினைக் கட்டிலருகே கொண்டுபோனபோது அந்தப் பெண்ணின் புருஷன் குறுக்கே நின்றார். படுத்திருந்தவளே கையூன்றி எழுந்தாள். "விடுங்க. எடைதான பாக்கறாங்க, கையையா வெட்டறாங்க." மெஷின் மேல் ஏறி நின்றாள். ஆடினாள், கட்டில் கம்பியைப் பிடிக்கப் போனாள். பிடிக்கக் கூடாது என்றதும் கையை எடுத்தாள்.

முப்பத்தாறு.

அறுபதுக்கும் முப்பத்தாறுக்கும் நடுவே இருந்த இருபத்துநாலு கிலோவுக்கான மருந்து ஐந்து நாளாக அந்த உடம்பில் இறங்கியிருந்தது.

பச்சைப் பேனா ஷீட்டோடு ஓ.பி.க்கு ஓடி டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் குனிந்து மெஷினைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணை முதல்தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். அன்றைய ஊசி வேண்டாம் என்று ஷீட்டில் கோடு போட்டுவிட்டு, காதுப் பரிசோதனை, மறுபடி ரத்தம், கிட்னியைத் தொடாத வேறு மருந்துக்கு ஆய்வகத்தில் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று வரிசையாக எழுதினார். எழுதி முடித்தபின் நிமிராமலே, "அறுபது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார்.

"எல்லாருமே அறுபதுதான் டாக்டர்," என்றாள் பச்சைப் பேனா, வழக்கம்போல வார்டு முழுக்கக் கேட்கும்படி. "பத்தொன்பது பேரும். சிஸ்டரைக் கேளுங்க."

அண்ணி அவசரப்படவில்லை. டாக்டர் கையிலிருந்து கேஸ் ஷீட்டை வாங்கி, பின்னால் புரட்டி, முதல் நாள் பக்கத்தை எடுத்து நீட்டினார். "அறுபதுன்னு போட்டது நான்தான் டாக்டர், இல்லேங்கல. மெஷின் கேட்டு ஏழு லெட்டர் எழுதியிருக்கேன், நகல் வச்சிருக்கேன். ஆனா தொள்ளாயிரம் சரின்னு பக்கத்துல டிக் போட்டிருக்கே, அது என்ன கலர்னு பாருங்க."

பச்சை. ஓரத்தில் அவளுடைய சுருக்கக் கையெழுத்து.

அந்த முதல் நாளில் அவளுக்குப் பார்க்க நான்கு வார்டு. பதினொன்றாம் கட்டில்காரி குளிருக்குப் போர்வையைத் தலைவரை இழுத்துப் படுத்திருந்தாள். அறுபதுக்குத் தொள்ளாயிரம், கணக்கு சரி, டிக். காலையிலிருந்து இந்த எடை பொய் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவள், ஆளைப் பார்க்காமல் அந்தப் பொய்யை நம்பிக் கணக்குப் போட்டிருந்தாள். வார்டே அவள் வாயைப் பார்த்தது.

"மிச்சம் பதினெட்டு பேரையும் இப்பவே எடை எடுங்க," என்றார் டாக்டர். "ரெண்டு பேரும் சேர்ந்து."

எடுத்தார்கள். நிற்க முடிந்தவர்களை மெஷினில் ஏற்றினார்கள், முடியாதவர்களை ஸ்ட்ரெச்சரில் ஓ.பி.க்குக் கொண்டுபோய்ப் பெரிய மெஷினில் எடுத்தார்கள். அண்ணி ஒவ்வோர் எண்ணையும் கல்லை எறிவதுபோலச் சொன்னார். "நாப்பத்தெட்டு. எழுதினியா? எழுபத்தொண்ணு. சரியா எழுது, அப்புறம் நான் சொல்லலேம்ப." மூன்று பேருக்கு மருந்தின் அளவு மாறியது. அறுபது கிலோ எடை ஒருவருக்கும் இல்லை.

நாலு மணிக்குப் பச்சைப் பேனா பதினொன்றாம் கட்டிலுக்குப் போனாள். வராதே என்று சொன்ன புருஷன் முறைத்தார். அவள் நின்றபடியே சொன்னாள்: "அஞ்சு நாளா ஊசி அளவுக்கு மீறிப் போட்டிருக்கோம். காதுல கேக்கிற விசில் அதனாலதான் இருக்கும். முதல் நாள் அளவைச் சரி பாக்க வேண்டியவ நான்தான். பாத்துட்டு சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"காலையில என்னமோ டாக்டர் மேல பழி போட்டீங்க," என்றார் அவர்.

"காலையில எனக்குத் தெரியல."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எழுதிக் குடுங்க," என்றார். "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க. அப்புறம் போங்க."

அந்தப் பெண் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "என் வெயிட்டு எனக்குத் தெரியுமே," என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடியும் முப்பத்தாறுதான், இப்பவும் முப்பத்தாறுதான். யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பச்சைப் பேனா மேஜைக்குப் போய், ஈரத்தைத் துடைத்துவிட்டு, எழுதிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காதுப் பரிசோதனை முடிவு வந்தது. பேச்சு கேட்கும். இடது காதில் கூர்மையான சத்தங்களைக் கேட்கும் திறன் போய்விட்டது, திரும்பாது. விசில் குறையலாம், குறையாமலும் இருக்கலாம். போனை இனி வலது காதில் வைத்துப் பேசும்படி சொன்னார்கள். கிட்னியின் எண் இறங்கத் தொடங்கியிருந்தது. கண்காணிப்பாளர் வெள்ளிக்கிழமைக்குள் முழு அறிக்கை கேட்டிருந்தார். எழுத வேண்டியவள் மருந்தாளுநர்.

அன்று மாலை அவள் வீட்டுக் கதவைத் திறக்கும்போது அண்ணி மாடிப்படியில் நின்றிருந்தார். மூன்று நாளில் முதல் பேச்சு.

"ரிப்போர்ட்ல என் பேரு வருதா?"

"வருது அண்ணி."

"எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாசம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அறுபதுன்னு எழுதினது நீங்க. அதை எப்படி எழுதாம விட? ஏழு லெட்டர் எழுதினதையும் போட்டிருக்கேன், தேதியோட."

உள்ளே அவள் புருஷன் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு யோசித்து, கூட்டினார்.

"உன் பேரு?" என்றார் அண்ணி.

"இருக்கு. உங்க பேருக்கு மேல."

அண்ணி ஒரு படி இறங்கி வந்தார். முகத்தில் எதுவும் இளகவில்லை. "கீழ போடு," என்றார். "முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் எனக்கு. வந்து மூணு வருஷம் ஆன உன் பேருக்குக் கீழ என் பேர் வரக் கூடாது."

மாடிக்கு ஏறிப்போய்க் கதவை அறைந்து சாத்தினார். பச்சைப் பேனா உள்ளே வந்து, டிவியை அணைத்துவிட்டு, அறிக்கையின் முதல் பக்கத்தை மறுபடி எழுத உட்கார்ந்தாள்.