அக்காவின் கைக்கு ஒரு வோட்ச்

எனக்கும் அக்காவுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். சிறு வயதிலிருந்தே இருவருக்கும் ஒரே காப்பு அளவு. அம்மா காப்பு வாங்கப் போகும்போது எங்களில் ஒருத்தியை மட்டும்தான் கூட்டிப் போவார். அன்று வீட்டில் யார் அதிகம் தொல்லை கொடுத்தாளோ அவளை. அந்தக் கையில் சவர்க்காரம் பூசி, காப்பை ஏற்றிப் பார்த்து, அதே அளவில் இரண்டு சோடி வாங்கி வருவார். மற்றவளுக்குப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை. பெரியவர்களான பிறகும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. அக்காவுக்குக் கைக்கென்று எது வாங்கினாலும் என் கையில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். அவளும் அப்படித்தான். ஐம்பது கடந்த பிறகு இதில் பிழை வரலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை.

அக்கா கொட்டாஞ்சேனையில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தனியாக இருந்தாள். அத்தான் இறந்துவிட்டார், மகள் லண்டனில். நான் கல்யாணம் முடிக்காதவள். வெள்ளவத்தையில் ஒரு சின்ன பிளாட், கொள்ளுப்பிட்டியில் ஒபிஸ் வேலை. இரண்டு தனிக்கட்டைகளும் ஒரே வீட்டில் இருக்கலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். இருக்கலாம்தான். மூன்றாம் நாள் சண்டை வரும். எனக்கு வாய் நீளம், அவளுக்கு மௌனம் நீளம். அதனால் நான் கிழமைக்கு இரண்டு தரம் புறக்கோட்டையில் பஸ் மாறிப் போய் அவளைப் பார்த்து, கொஞ்சம் கத்திவிட்டு வருவேன். அதுதான் எங்கள் ஒற்றுமை.

போன வருடம் அக்கா ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது துடிப்பும் பிரஷரும் சரியாக இருந்தன. டொக்டர் ஏதோ எழுதிக்கொண்டே சொன்னார்:

"மயக்கம் வாற நேரம் இதயம் என்ன செய்யுது எண்டு தெரிஞ்சால்தான் நான் ஏதும் சொல்லலாம். நாடித் துடிப்புக் காட்டுற ஸ்மார்ட் வோட்ச் ஒண்டு வாங்கிக் கட்டிவிடுங்கோ. உங்கட போனிலயும் பாக்கலாம்."

அக்கா வெளியே வந்ததும், "எனக்கு என்னத்துக்கு உது? இருக்கிற சாமான் காணாதே?" என்றாள். நான் வழக்கம்போலக் கத்தினேன். அவள் வழக்கம்போல ஓம் என்றாள்.

வெள்ளவத்தைக் காலி வீதியில், என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் வோட்ச் கடை. மலைநாட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும், பேச்சு மெதுவாக வந்தது.

"யாருக்குங்க மேடம்?"

"அக்காவுக்கு."

"அவங்களுக்குக் கை மெலிசுங்களா? ஒரு பேப்பரை நீட்டா கிழிச்சு, மணிக்கட்டு எலும்புக்கு மேல சுத்தி, அளந்து கொண்டு வந்தீங்கன்னா நல்லா இருக்கும். வோட்ச்சுக்குப் பின்னால இந்த லைட் இருக்குங்களே, இது தோலோட ஒட்டி இருக்கணும். மெலிசான கைக்குப் பெரிய சைஸ் நிக்காது, திரும்பிப் போயிரும்."

"எனக்கும் அவவுக்கும் ஒரே அளவு. எனக்குச் சரியெண்டால் அவவுக்கும் சரி."

அவள் இரண்டை எடுத்து வைத்தாள். சின்னது நாற்பது மில்லிமீற்றர், பெரியது நாற்பத்து நான்கு. நான்கு மில்லிமீற்றர் எல்லாம் ஒரு வித்தியாசமா என்று நினைத்துச் சின்னதைக் கட்டினேன். என் கையில் அது பொம்மை வோட்ச் போல இருந்தது. என் கை சதை போட்டிருக்கிறது என்பதுதான் அதற்குக் காரணம். ஆனால் அப்படியெல்லாம் சட்டென்று ஒப்புக்கொள்கிற குணம் எனக்கில்லை. பெரியது அழகாக உட்கார்ந்தது. இலக்கங்களும் பெரிதாகத் தெரிந்தன. அக்கா கண்ணாடியைத் தேடித் தேடியே அரை நாளைக் கழிப்பவள், அவளுக்கு இதுதான் வசதி என்று முடிவு கட்டினேன்.

"ஒருக்கா அவங்களக் கூட்டிட்டு வாங்களேன் மேடம்."

"பிள்ளை, நீர் பில்லைப் போடும்."

அவள் பில்லைப் போட்டாள். அந்தக் குரலில் நான் அவளிடம் கதைத்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குக் கொண்டு போனேன். அவள் முழுக்கை வைத்த ஹவுஸ்கோட் போட்டுக்கொண்டு புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். கொழும்பு வெக்கையில் முழுக்கை எதற்கு என்று கேட்டேன். "நுளம்பு கடிக்குது" என்றாள். நானும் நம்பினேன். கை முழுக்க மாவாக இருந்ததால் வோட்சைப் பிறகு கட்டுவதாகச் சொன்னாள். நான் அவளுடைய போனையும் என் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, புட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவள் சாப்பிட்டாளா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தட்டு முன்னால் இருந்தது ஞாபகம். அதில் கை வைத்தாளா என்பது ஞாபகமில்லை.

அன்று மாலை அவள் மகள் லண்டனிலிருந்து வீடியோவில் எடுத்தாள், என்னையும் சேர்த்துக்கொண்டாள். அக்கா வோட்சைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தாள். திரை முழுக்க வோட்ச்தான். "பெரிசா, வடிவா இருக்கம்மா" என்றாள் மகள். எனக்குப் பெருமை. வோட்சைப் பார்த்தோம், கையை ஒருவரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் நான் நிம்மதியாக இருந்தேன். ஒபிஸில் மணிக்கொரு தரம் போனை எடுத்துப் பார்ப்பேன். எழுபத்து நான்கு. எழுபத்தாறு. எழுபத்தைந்து. பக்கத்து மேசைக்காரிக்குக்கூடக் காட்டியிருக்கிறேன், எனக்கே இப்படி ஒழுங்காக இல்லை என்று. முதல் வாரம் புதன்கிழமைப் பயணத்தை விட்டேன். இரண்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை மழை. மூன்றாம் வாரம் போன் எடுப்பதும் குறைந்துவிட்டது. வோட்ச்தான் எல்லாம் சொல்கிறதே, பிறகென்ன? அவளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை அவள்.

மூன்றாம் வாரக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அக்காவின் கட்டடத்தில் கீழ் வீட்டில் இருக்கும் அன்ரி எனக்கு எடுத்தார்.

"உங்கட அக்கா படியில விழுந்து கிடக்கிறா. கூப்பிட்டால் கண் திறக்கிறா இல்லை. அம்புலன்ஸுக்குச் சொல்லிட்டம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? போனைக் காதிலிருந்து எடுத்து, திரையைப் பார்த்தேன். எழுபத்தைந்து என்று இருந்தது.

"இல்லை அன்ரி, இப்பதான் பாக்கிறன், துடிப்பு நல்லாத்தான் இருக்குது. நீங்கள் பயப்படாதேங்கோ."

அந்த மனுசி, "பிள்ளை, நான் அவவுக்குப் பக்கத்தில இருந்துதான் கதைக்கிறன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி அக்காவின் கையைத் தூக்கி, ஹவுஸ்கோட்டின் கையை மடித்து, வோட்சைக் கழற்றினாள். அதன் அடியில் நான்காக மடித்த கைலேஞ்சி ஒன்று இருந்தது. சரியாக வோட்சின் அகலத்துக்கு மடித்து, கலையாமலிருக்க இரண்டு ஓரமும் நூலால் தைத்திருந்தாள். மோதிரம் தளர்ந்தால் நூல் சுற்றிப் போடுவோமே, அந்த வேலை. அந்த வோட்ச் மூன்று வாரமும் ஒரு துணியில் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. தோலைக் காணாவிட்டாலும் சில வேளை அது எதையோ பிடித்து ஒரு இலக்கத்தைக் காட்டிக்கொண்டு இருக்கும் என்று டொக்டர் பிறகு விளக்கினார். நான் ஒபிஸில் இருந்து சந்தோசப்பட்டது அக்காவின் இதயத்தைப் பார்த்து அல்ல, கைலேஞ்சியைப் பார்த்து.

பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தேன். என் பெருவிரலையும் நடுவிரலையும் வளைத்தால் அவள் மணிக்கட்டைச் சுற்றி வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்தன. அப்படி இருந்தது. காப்புக் கணக்கில் எனக்கு ஒருபோதும் விளங்காத ஒன்று அப்போது விளங்கியது. காப்பு விரலடியில் இருக்கிற கை மொளியைத் தாண்டிப் போக வேண்டும், அதனால் அதன் அளவு மொளி எலும்பின் அளவுதான். எலும்பு மெலியாது. மணிக்கட்டு மெலியும். காப்பைப் பார்த்து ஒருத்தி தேய்ந்து போகிறாளா இல்லையா என்று சொல்லவே முடியாது.

அக்கா கண் விழித்ததும் நான் முதலில் செய்தது கோபப்பட்டதுதான்.

"வோட்ச் பெரிசெண்டால் சொல்லியிருக்கலாம்தானே? ஏன் சொல்லேல்லை?"

"அது சுழண்டு சுழண்டு உள்பக்கம் போச்சு. முழங்கை வரைக்கும் ஏறிச்சு. நீ ஆசையா வாங்கித் தந்தது."

"அதுக்கு?"

"சொன்னால் நீ கத்துவாய்."

ஐம்பது வருடம் என் வாயைப் பார்த்துப் பழகியவள் வேறு என்ன செய்வாள்? மெலிவதை மறைத்தாள், சாப்பிட முடியாததை மறைத்தாள், வோட்ச் நிற்காததையும் மறைத்தாள். எல்லாம் ஒரே காரணத்துக்காக. அந்தக் காரணம் நான்.

ஸ்கான் எடுத்தார்கள். வயிற்றில் கட்டி, பரவியிருக்கிறது. இரத்தம் குறைந்ததாலும் சாப்பாடு உள்ளே போகாததாலும்தான் இதயம் தடுமாறுகிறது. டொக்டர் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். மூன்று வாரம் முன்னால் தெரிந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றும் சொன்னார். நல்ல மனிதர். அதை நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

அக்காவை என் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இப்போது ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை. நான் ஒபிஸ் போகாமல் நிற்கிறேன் என்றேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பகலில் சம்பளத்துக்கு ஒரு அம்மா வந்து கூட இருப்பதென்றும், துடிப்பை நான் போனில் பார்ப்பதென்றும் ஏற்பாடு. அதற்கு அளவான வோட்ச் வேண்டும். இந்த முறை ஒரு தாளைக் கிழித்து, அவள் மணிக்கட்டில் சுற்றி, பேனையால் அடையாளம் போட்டேன். அவள் கையை நீட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் அதே பெண் தாளை வாங்கி அளவுகோலில் வைத்தாள்.

"சின்னப் பிள்ளைக்குங்களா மேடம்?"

"இல்லை. அக்காவுக்கு."

அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாளா என்று தெரியவில்லை. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், வட்டமாகச் சின்னதாக ஒன்றும், ரப்பர் வாருக்குப் பதில் மெல்லிய தோல் வார் ஒன்றும் கொண்டு வந்தாள். "இது அவங்க தோலுக்குக் குத்தாது" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீட்டிலேயே நினைத்துக்கொண்டுதான் போனேன். வாய் நீளம் என்றேனே, அதற்கு மட்டும் வாய் வரவில்லை. இரண்டு தரம் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் கட்டிப் பார்த்தோம். முகப்பு அளவாக இருந்தது, மணிக்கட்டை விட்டு வெளியே நிற்கவில்லை. ஆனால் வாரின் கடைசி ஓட்டையிலும் ஒரு விரல் தாராளமாக உள்ளே போனது. தாளில் அளந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. நான் குசினிக்குப் போய், சாக்கு ஊசியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, துணியால் பிடித்துக்கொண்டு வந்தேன். அக்கா சோபாவில் சாய்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் பலகையை வைத்து, கடைசி ஓட்டைக்கு உள்பக்கமாக அளவு பார்த்து ஒரு ஓட்டை குத்தினேன். தோல் எரிந்த மணம் வந்தது. கட்டினேன். லைட் தோலில் ஒட்டியது. போனில் தொண்ணூற்றெட்டு என்று வந்தது. நல்ல இலக்கம் இல்லை, ஆனால் அவளுடைய இலக்கம்.

"இப்ப சரி" என்றேன்.

அக்கா வாரைத் தடவிப் பார்த்தாள்.

"கழட்டு. உள்ளுக்கு இன்னும் ரெண்டு குத்திவிடு."

"ஏன்? ஒண்டு போதும்."

"காணாது. ஊசி சூடா இருக்கேக்கையே குத்திப் போடு. பேந்து திரும்பத் திரும்பக் காய்ச்சிக் குத்துறது உனக்குக் கரைச்சல்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஊசியைத் திரும்பக் காய்ச்சிக்கொண்டு வந்து, ஒரே இடைவெளி விட்டு, கோணாமல், இரண்டு ஓட்டை குத்தினேன். அவள் வாரை ஒரு நுனியில் பிடித்துத் தந்தாள்.

அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. வார் இப்போது நான் குத்திய மூன்றில் இரண்டாவது ஓட்டையில் நிற்கிறது.