ஆறு கோபுரம் வரைந்த ஆமை

நீங்கள் கைபேசியில் விளையாடும்போது அதில் ஆட்கள் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், சுடுகிறார்கள். நான் விளையாடிய முதல் கணினி விளையாட்டில் இருந்தது ஓர் ஆமை மட்டும்தான். கறுப்புத் திரையில் பச்சை நிறத்தில் நகம் அளவுக்கு இருக்கும். கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால், எழுதியபடியே நடக்கும். நடந்த வழியில் கோடு விழும். தப்பாக எழுதினால் தப்பாகவே நடக்கும். திட்டாது, சிரிக்காது. கணக்குப் பாடத்தில் நிறையத் திட்டு வாங்கியவன் நான். அதனால்தானோ என்னவோ, பழைய கணினி ஒன்று எங்காவது மூலையில் கிடப்பதைப் பார்த்தால், அதற்குள் அந்த ஆமை இன்னும் இருக்குமா என்று இன்றைக்கும் கை பரபரக்கிறது.

அது ஒரு சனிக்கிழமை என்னைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டிசைன் கடையில் அட்டை அடிக்கிற வேலை எனக்கு. சேலையில் வரும் கரை, பூ எல்லாவற்றையும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். தாளில் ஒரு வரிக்கு ஓர் அட்டை. எந்தக் கட்டத்தில் நிறம் இருக்கிறதோ அங்கே அட்டையில் ஓட்டை போட வேண்டும். தறிக்கு மேலே இருக்கும் பெட்டி அந்த ஓட்டைகளைப் பார்த்துத்தான் இழைகளைத் தூக்கும். என்னோடு என் நண்பன் ஒருவனும் அட்டை அடித்தான். முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவான். பன்னிரண்டாவது பாஸ். நான் பத்தாவதில் கணக்கில் பெயிலாய்ப் போனவன்.

முதலாளி ஒரு கணினி வாங்கினார். டிசைனை இனி அதில் போடப் போவதாகவும், இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் அதில் இடம் என்றும் சொன்னார்.

“சர்டிபிகேட்லாம் எனக்கு வேணாம்பா. மாடியில கம்ப்யூட்டர் கத்துக்குடுக்கிற அம்மா ஒரு பரீட்சை வெப்பாங்க. எவன் போடறானோ அவன் ஒக்காரட்டும்.”

மார்க் ஷீட்டைக் கேட்காத கதவு என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அவனுக்கு இது போனால் இன்னொன்று கிடைக்கும். எனக்குக் கிடைக்காது. அதனால் அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் அந்த மேடம் ஐந்து நாள் எங்களுக்கு ஆமையை ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கடையில் முகூர்த்த வேலை நெருக்கியதால் நண்பனால் இரண்டு நாள் வர முடியவில்லை. சனிக்கிழமை கேள்வியைக் கரும்பலகையில் எழுதினார். ஒரே அளவில் எட்டுக் கோபுரம் வரிசையாக நிற்கும் சேலைக் கரையை ஆமை வரைய வேண்டும். பத்து வரிக்கு மேல் எழுதக் கூடாது. ஆளுக்கு மூன்று முறைதான் ஓட விடலாம். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

முதலில் நண்பன் உட்கார்ந்தான். ஒவ்வொரு கோபுரமாக எழுதினான். ஒரு கோபுரத்துக்கு ஐந்து வரி பிடித்தது. இரண்டு கோபுரம் அழகாக வந்தது, பத்து வரி தீர்ந்துவிட்டது. மூன்று முறையும் அதே கதை. எழுந்து சுவரோரம் போய் நின்றான்.

நான் உட்கார்ந்தபோது பதினொன்றரை. அவன் வராத நாளில் மேடம் சொல்லித்தந்த ‘திரும்பச் செய்’ என்ற கட்டளை எனக்குத் தெரியும். ஒரே ஒரு கோபுரம் எழுதினேன். வலது பக்கம் முப்பது திரும்பு, ஐம்பது நட, வலது பக்கம் நூற்றிருபது திரும்பு, ஐம்பது நட. இதையே எட்டு முறை திரும்பச் செய். அழுத்தினேன்.

முதல் கோபுரம் கச்சிதமாக வந்தது. இரண்டாவதில் ஆமை நேராகக் கீழே பாய்ந்தது. அங்கிருந்து கோணலாக எங்கேயோ போனது.

எழுத்துப் பிழை என்று நினைத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதையே மறுபடி தட்டினேன். மறுபடி கீழே பாய்ந்தது. யோசிக்காமல் ஒரு முறையை வீணாக்கியது அப்போதுதான் உறைத்தது.

“மேடம், வேற ஆமை இருக்குதா? இது கிறுக்கு ஆமையா இருக்குது.”

“ஆமை சரியாத்தான் இருக்குது. நீங்க சொன்னத தான் செய்யுது.”

கீழே முதலாளியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு மேடம் இறங்கிப் போனார். கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம்.

நான் எழுந்தேன். ஜன்னலைப் பார்த்து நின்று ஆமையாகிவிட்டேன். வலது பக்கம் கொஞ்சம் திரும்பி நாலடி நடந்தேன். வலது பக்கம் நிறையத் திரும்பி நாலடி நடந்தேன்.

“இன்னாபா, சாமி வந்துருச்சா?” என்றான் நண்பன்.

ஒரு கோபுரம் முடிந்துவிட்டது, ஆனால் ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தறியில் ஓர் அட்டை முடிந்தால் தூக்கிய இழையெல்லாம் தன் இடத்துக்கு வந்துவிடும். அடுத்த அட்டை புதிதாகத் தொடங்கும். ஆறு வருடம் அட்டை அடித்த கை, ஆமையும் அப்படித் தொடங்கும் என்றே நம்பிவிட்டது. ஆமை திரும்பியது திரும்பியபடியே நிற்கிறது. முப்பதும் நூற்றிருபதும் சேர்ந்து நூற்றைம்பது. அத்தனையும் இடது பக்கம் திரும்பினால்தான் மறுபடி ஜன்னலைப் பார்க்கும்.

அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு அழுத்தினேன்.

ஒவ்வொரு அடியும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று மேடம் ஆமையை மெதுவாக நடக்க வைத்திருந்தார். ஒன்று. இரண்டு. இரண்டாவது சரியாக நின்றது. நண்பன் என் தோளருகே வந்து நின்றதை அவன் மூச்சில்தான் உணர்ந்தேன். நான்கு. ஐந்து. படியில் செருப்புச் சத்தம். ஆறு.

மின்விசிறி நின்றது. திரை கறுத்தது.

முதலாளி உள்ளே வந்து திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “எட்டும் வந்துச்சா?”

எட்டு என்று சொல்லலாம். பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் அவன் நின்றான்.

“ஆறு வந்துச்சு மொதலாளி.”

“நான் எட்டு இல்ல கேட்டேன். மூணு தபாவும் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

முதலாளி மேடத்தைப் பார்த்தார். மேடம், “நான் கண்ணால பாக்கலையே சார்,” என்றார். தெருவில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“வந்துரும் மொதலாளி,” என்றான் நண்பன். “மொத கோபுரம் முடிஞ்சதும் தானா திரும்பி நின்னு ரெண்டாவத போட்டுச்சு. ரெண்டாவது சரியா வந்துச்சுன்னா எட்டும் வரும், எண்பதும் வரும். எட்டு தபான்னு எழுதியிருக்கான். கரண்ட் தான் போச்சு.”

“உனக்கு அந்த எடம் வேணாமா?”

“வேணும். அதுக்காக வராதுன்னு சொல்ல முடியுமா?”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “திங்கக்கெழம நீ ஒக்காரு.”

கீழே அவன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். மனதை அறுத்துக்கொண்டிருந்ததைத்தான் கேட்டேன்.

“அந்த இடது பக்கம் திரும்பற வரி உனக்கு மொதல்லயே தெரியும் இல்ல? உன் ரெண்டு கோபுரமும் சரியா வந்துச்சே.”

“தெரியும்.”

“நான் ரெண்டு தபா தப்பு பண்ணும்போது சொல்லலையே.”

“பரீட்சைல எவன்பா சொல்லுவான்? நீ தோக்கணும்னுதான் நின்னுக்கினு இருந்தேன்.” சைக்கிளைத் திருப்பினான். “வெயில்ல நிக்காத. போய்ச் சோறு துன்னு.”